பதினான்கு செயலிகள், ஆறு வருடம்: ஆளுமைக் கோளாறோடு வாழும் ஒருத்தியின் அனுபவம்

2019 கடைசியில் எனக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். டொக்டர் துண்டில் 'பிபிடி' என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தது. திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே போனில் தட்டிப் பார்த்துத்தான் அதன் முழுப்பெயரைத் தெரிந்துகொண்டேன். அன்றிரவே முதல் செயலியை இறக்கினேன். அதிலிருந்து இன்றுவரை பதினான்கு செயலிகள் என் போனுக்குள் வந்திருக்கின்றன. சிலது ஒரு கிழமை நின்றது, சிலது ஒரு வருடத்துக்கு மேல் நின்றது. இப்போது மிச்சம் இருப்பவை இரண்டு.

இந்த நோய் உள்ளவர்களுக்கு எப்படிப்பட்ட செயலி வேண்டும் என்று விளங்க, இது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு இருந்த மனசு எனக்குப் பத்து மணிக்கு இருக்காது. அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். இரண்டு நீலக்கோடு விழும், பதில் வராது. அவள் என்னை வெறுத்துவிட்டாள், இனி இல்லை என்று நெஞ்சு முடிவு கட்டிவிடும். அரை மணி கழித்து அவள் சமையலை முடித்துவிட்டு எடுத்துப் பேசினால் எல்லாம் சரி. ஆனால் அந்த அரை மணிக்குள் நான் என்ன செய்துவிடுவேன் என்பதுதான் பயம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்த நோய்க்கு ஒன்பது அறிகுறிகள் உண்டு, அதில் ஐந்து இருந்தாலே போதும். அதனால் ஒரே பெயர் வாங்கிய இரண்டு பேர் ஒரே மாதிரி இருப்பதில்லை.

நான் முதலில் எடுத்தது ஒரு மனநிலைப் பதிவுச் செயலி. இரவு ஒன்பது மணிக்கு மணி அடிக்கும், ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முகம்தான். ஒன்பது மணிக்கு நான் அம்மாவோடு இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், சிரித்த முகத்தைத் தொடுவேன். மத்தியானம் வேலை இடத்துக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதது எங்கேயும் பதியாது. இரண்டு மாதம் கழித்து அந்த வரைபடத்தைக் கிளினிக்கில் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கிறீங்க தங்கச்சி" என்றார்கள். செயலி பொய் சொல்லவில்லை. சரியான கேள்வியைக் கேட்கத் தெரியாமல், எனக்கு எதிராக ஒரு சாட்சியை உருவாக்கிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

அதைவிட மோசமானது தொடர் நாள் கணக்கு, அதாவது விடாமல் எத்தனை நாள் பதிந்தோம் என்று செயலி எண்ணுவது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் என் போன் செத்துக் கிடந்தது. திரும்ப உயிர் வந்ததும், 41 நாள் தொடரை இழந்துவிட்டீர்கள் என்று ஒரு அறிவிப்பு. கூடவே ஒரு அழுகிற முகமும், 'நீங்கள் இல்லாமல் வாடுகிறோம்' என்கிற மாதிரி ஒரு வரியும். மற்றவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். கைவிடப்படுவோம் என்ற பயமே நோயாக இருக்கும் ஒருத்திக்கு, 'நீ எங்களைக் கைவிட்டாய்' என்று போன் சொல்வது எப்படி இருக்கும்? அன்றிரவு நான் தூங்கவில்லை. இப்படி ஒன்றை வடிவமைக்கும்போது எங்களில் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கலாம்.

அப்புறம் டிபிடி செயலிகள். டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்பது மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் உருவாக்கிய சிகிச்சை. இளம் வயதில் தானும் இதே துன்பத்தை அனுபவித்து மருத்துவமனையில் கிடந்ததை 2011இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதை வாசித்த பிறகுதான் இந்தச் சிகிச்சைமேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இதில் நான்கு திறன்கள் உண்டு: இந்த நொடியில் நிற்பது, தாங்க முடியாததைத் தாங்குவது, உணர்ச்சியைச் சீர்ப்படுத்துவது, மனிதரோடு பேசிப் பழகுவது. எங்கள் பக்கத்தில் இதை முழுசாகக் கற்றுத்தரும் ஆளை என்னால் தேடிப் பிடிக்க முடியவில்லை. அதனால் எனக்குச் செயலிதான் வகுப்பறை.

ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், என்னைப் பலமுறை காப்பாற்றியது அதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் உடம்பு தானாக இதயத் துடிப்பைக் குறைக்கும். தண்ணீருக்குள் முங்கும்போது நடப்பதும் அதுதான். செயலியில் 'குழாயைத் திறவுங்கள்' என்று இருந்தது. எங்கள் வீட்டுத் தாங்கியிலிருந்து பகலில் வரும் தண்ணீர் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரிச் சுடும். இரண்டு தடவை செய்து பலன் இல்லாமல், இது எனக்கு வேலை செய்யாது என்று விட்டுவிட்டேன். குளிர்தான் முக்கியம் என்று பிறகு விளங்கியது. இப்போது பிரிஜ்ஜில் ஐஸ் தட்டு எப்போதும் நிரம்பி இருக்கும், அம்மாவுக்கும் அது எதற்கென்று தெரியும். இதய வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. நான் பார்த்த செயலிகளில் ஒன்றுதான் அந்த எச்சரிக்கையைப் போட்டிருந்தது. அதே தொகுதியில் கடுமையான உடற்பயிற்சியும் உண்டு. பின்னேரங்களில் நான் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க நடப்பேன். மான்கள் விலகி வழி விடும்.

ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கோட்டைக்குப் போக முடியாது. அப்போதுதான் செயலி வேண்டும். ஒரு செயலியை நம்பி ஒன்றரை வருடம் வைத்திருந்தேன். ஒரு நாள் கை நடுங்க நடுங்கத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. போட்டேன், ஒரு விளம்பரம் வந்தது. அதையும் தாண்டினால், முந்தின நாள்வரை சும்மா திறந்த பயிற்சிக்குப் பூட்டு. சந்தா கட்டச் சொன்னது, அதுவும் டொலரில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் ஏறியது. என் சம்பளம் ஏறவில்லை. அந்த இரவுக்குப் பிறகு எந்தச் செயலியையும் நான் ஒரே விதத்தில்தான் சோதிக்கிறேன்: திறந்ததிலிருந்து உதவி வரும்வரை எத்தனை தட்டு? மூன்றுக்கு மேல் போனால் அழித்துவிடுவேன்.

ஒரு உரையாடல் செயலியும் இருந்தது. எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை என்று, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். 'அருமை, மேலும் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அன்று 1926க்கு அடித்தேன், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. தமிழில் ஒரு ஆள் பேசினார். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி ஒரு இரவு வந்தால், செயலியைத் தேட வேண்டாம், முதலில் அந்த இலக்கத்துக்கு அடியுங்கள்.

மொழிதான் என் பெரிய மனக்குறை. பதினான்கில் ஒன்றிலும் தமிழ் இல்லை. ஆங்கிலம் எனக்கு வாசிக்க வரும், ஆனால் உடைந்து போன நேரத்தில் வராது. அதோடு, உணர்ச்சிகளின் பட்டியலில் 'ஷேம்' என்று ஒரு சொல் இருக்கும். அது வெட்கமா, அவமானமா, கூச்சமா? சபையில் யாரும் என்னைக் கவனிக்காமல் விட்டால் வருகிற ரோசத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. டிபிடியில் உணர்ச்சியைச் சீர்ப்படுத்த முதல் படி, அதற்குச் சரியான பேர் வைப்பதுதான். பேரே இல்லாவிட்டால் எப்படி ஏறுவது?

ரகசியமும் முக்கியம். ஊர் சின்னது. ஒருமுறை டிஸ்பிளே மாற்றக் கொடுத்தபோது, நோயின் பேரையே தன் பேராக வைத்திருந்த ஒரு செயலி முகப்பில் இருந்தது. கடைத் தம்பி போனைத் திருப்பித் தந்த விதத்திலேயே அவன் வாசித்துவிட்டான் என்று தெரிந்தது. வெளியே போகும் தகவலும் அப்படித்தான்: 2023இல் பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம் மக்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்குப் பகிர்ந்ததற்காக 78 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் போட்ட உத்தரவு அது.

செயலிகளை இறக்கும் பக்கத்தில் போடும் நட்சத்திர மதிப்பெண்களை நான் நம்புவதில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் உடல்நலச் செயலிகளை மதிப்பிட 23 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலைத் தந்தார்கள். ஈர்ப்பு, இயக்கம், அழகு, தகவலின் தரம் ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பார்க்கும். என் அனுபவத்தில் அழகில் முதலிடம் வாங்கும் செயலிகள்தான் தகவலில் சறுக்கின. யார் எழுதினார்கள், எந்தச் சிகிச்சையிலிருந்து எடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. ஜெர்மனியில் 2020 முதல் டொக்டர் செயலியை மருந்து மாதிரி எழுதிக் கொடுக்கலாம், காப்புறுதி காசு கட்டும். அங்கே சோதிக்காமல் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள் என்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சரி, மிச்சம் இருக்கும் இரண்டு. ஒன்று காம் ஹார்ம். பிரிட்டனின் ஸ்டெம்4 என்ற தொண்டு நிறுவனத்துக்காக ஒரு உளவியலாளர் டிபிடியை வைத்துச் செய்தது, இலவசம். தன்னைத்தானே காயப்படுத்தும் உந்துதல் ஒரு அலை, அது ஏறும், உடையும், இறங்கும். அதுவரை ஐந்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ தாக்குப்பிடி என்று செய்ய ஏதாவது தரும். டச்சுக் குடாக் கரையில் வளர்ந்த எனக்கு அலையைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை.

மற்றது டேலியோ. ஒரே நாளில் எத்தனை தடவையும் பதியலாம், முகங்களுக்கு நானே பேர் வைக்கலாம். வெறுமை, ரோசம், ஆத்திரம், பரவாயில்லை, அமைதி என்று தமிழில் போட்டிருக்கிறேன். நினைவூட்டல்களை அணைத்துவிட்டேன்.

போன கிளினிக்கில் மூன்று மாதப் பதிவை டொக்டரிடம் நீட்டினேன். அவர் நேரங்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, "பகலுக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். ஆத்திரம் என்று பதிந்தவற்றில் முக்கால்வாசி பின்னேரம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில், நான் சாப்பிடாமல் வேலை செய்த நாட்களில். இப்போது மேசை லாச்சியில் ஒரு பக்கெட் மாரி பிஸ்கட் வைத்திருக்கிறேன்.