பித்தளைப் புனல் வைத்த 'பழைய' கிராமபோன்: காசைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மும்பை சோர் பஜாரில் மட்டன் தெரு என்றொரு தெரு உண்டு. காரை பெயர்ந்த கட்டடங்களுக்குக் கீழே பழம்பொருள் கடைகள் நெருக்கியடித்து நிற்கும். நல்ல பொருளும் கிடைக்கிற இடம்தான். ஆனால் பளபளக்கும் பித்தளைப் புனலோடு வாசலில் நிற்கும் கிராமபோனை மட்டும் நம்பாதீர்கள். "1915 மாடல், லண்டன் சரக்கு" என்று சொல்லி விற்பவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் சேர்த்துக் கட்டியவை.

அப்படி விற்கப்பட்ட ஒரு பெட்டி இரண்டாவது பாட்டிலேயே இழுத்துப் பாட ஆரம்பித்தது. அடித்தட்டைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. வெளியே கறுத்த பாலிஷ், உள்ளே வெள்ளை வெளேரென்று புது மரம். கூட்டல் குறி போல் வெட்டிய நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள். அவை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தன. எச்எம்வி கம்பெனியின் நாய்ப் படம் போட்ட வில்லை பசையால் ஒட்டியது. மோட்டார் மட்டும் அசல், அதில் இங்கிலாந்து முத்திரையும் இருந்தது. கடைக்காரர் அதைக் காட்டித்தான் மற்ற எல்லாவற்றையும் நம்பவைத்திருக்கிறார். சூட்கேஸ் மாதிரி மூடுகிற பழைய கிராமபோனிலிருந்து பிடுங்கிய மோட்டார் அது. இப்படி ஒவ்வொரு போலிக்காகவும் நன்றாகப் பாடக்கூடிய ஓர் அசல் பெட்டி உடைபடுகிறது. இதுதான் வயிற்றெரிச்சல்.

பணம் போவதோடு முடிவதில்லை, ரெக்கார்டும் போகிறது. அசலில் முள் தாங்கும் குழாய், முள் செருகி ஒலி எழுப்பும் வட்டமான சவுண்ட் பாக்ஸ் பக்கம் குறுகி, புனல் பக்கம் போகப் போக விரியும். போலியில் ஒரே பருமனான குழாயை வளைத்து, கண் போன இடத்தில் திருகியிருப்பார்கள். முள் கோணலாக ஓடி, தட்டின் பள்ளத்துச் சுவரை அரித்துவிடும். தட்டின் மேல் சாம்பல் நிறத் தூள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கடையிலேயே சோதிக்க வேண்டியது இது. சாவியை முழுக்கக் கொடுத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் 10 அங்குல ரெக்கார்டு ஒன்றை ஒரு பக்கம் முழுக்கப் பாடவிடச் சொல்லுங்கள். தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் செருகி, பாட்டு முடியும் தறுவாயில் 20 நொடிக்கு எண்ணுங்கள். 26 சுற்று வர வேண்டும். 22, 23 என்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், மோட்டாரில் கிரீஸ் இறுகியிருக்கலாம். 'டொக் டொக்' என்று இடித்தால் ஸ்பிரிங் டப்பாவுக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டப்பாவை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள், ஸ்பிரிங் தெறித்தால் கையைக் கிழித்துவிடும்.

"ஒரே முள் நூறு பாட்டுக்கு வரும்" என்று கடைக்காரர்கள் சொல்வதும் பொய். எஃகு முள் ரெக்கார்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. பிற்காலத்து எல்பி தட்டை (மெல்லிய பள்ளமுள்ள வினைல் ரெக்கார்டு) இதில் வைக்கவே கூடாது.

பில்லில் 'ஷோ பீஸ்' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், பிறகு திருப்பிக் கேட்க வழியிருக்காது. எந்த ஆண்டு, எந்த மாடல், எந்தெந்தப் பாகம் மாற்றியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

பாட்டுக் கேட்கத்தான் வேண்டுமென்றால் அதே தெருவில் தூசி படிந்து கிடக்கும், வெளியே புனல் தெரியாத பெட்டியைத் தேடுங்கள். 1931-ல் வந்த எச்எம்வி 102 போன்றவை. புனல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சவுண்ட் பாக்ஸில் 5ஏ அல்லது 5பி என்ற எண் இருக்கிறதா பாருங்கள். சத்தம் கரகரத்தால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். அதை மாற்றினால் போதும், பாடும்.