ஆயில் குறைவது ‘நார்மல்’ என்று சொன்னால், அதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்

150 சிசி பைக் வைத்திருப்பவர்கள், அதிலும் வாரண்டி முடிகிற கட்டத்தில் இருப்பவர்கள், அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்கு நடந்தது இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை, போட்டும் பெரிய பயன் இல்லை, வேறு வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கிற நண்பர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆயில் மாற்றி 1,500 கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது, கியர் போடும்போது கரகரவென்று ஒரு சத்தம். ஆயில் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் மட்டும் ஆயில். அப்போது வாரண்டி பாக்கி இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். சர்வீஸ் அட்வைசர் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலேயே வைத்து, என்ஜினை அணைத்த கையோடு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, “எல்லா வண்டியும் ஆயில் குடிக்கும் சார், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் நார்மல்னு மேனுவல்லயே இருக்கு” என்றார். கொஞ்சம் டாப் அப் செய்தார்கள், ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் வேலையையும் எழுதும் சீட்டு) ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினார்கள், அதற்குக் காசும் வாங்கினார்கள்.

அந்த ஒரு லிட்டர் கணக்கு அவர் கற்பனை இல்லை. டொயோட்டா உட்பட சில கார் கம்பெனிகள் தங்கள் கையேட்டில் அதிகபட்ச அளவு என்று 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் போட்டிருக்கின்றன. ஆனால் அது காருக்கு. காரில் நாலு லிட்டர் ஆயில் கிடக்கும். என் பைக்கில் மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான். அவர் சொன்ன கணக்குப்படி ஓடினால் ஆயிரமாவது கிலோமீட்டரில் என்ஜினில் சொட்டு ஆயில் இருக்காது, பிஸ்டன் ஜாம் ஆகி நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் பைக்கைப் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா என்ன?

காரிலுமே அந்த அளவைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அதற்கு மேல் போனால்தான் வாரண்டி க்ளெய்ம் என்று கம்பெனி தனக்குப் போட்டுக்கொள்ளும் வேலி அது. நல்ல நிலையில் இருக்கும் கார் ஒரு ஆயில் சேஞ்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் டாப் அப் கேட்காமலே ஓடிவிடும்.

ஆயில் குறையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருந்தால்தான் பிஸ்டன் தேயாமல் ஓடும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஆயில் ரிங் வழித்ததுபோக மிச்சம் இருப்பது எரியத்தான் செய்யும். புது வண்டியில் ரிங் செட் ஆகும்வரை கொஞ்சம் கூடுதலாகப் போகும். கோடை வெயிலில் ஹைவேயில் உச்ச வேகத்தில் விரட்டினாலும் அப்படித்தான். (ஆர்எக்ஸ் 100 ஆட்கள் சிரிக்க வேண்டாம், டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலை எரிப்பதுதான் வடிவமைப்பே.) என் அனுபவத்தில் 125, 150 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி 3,000 கி.மீ.க்குள் 50, 100 மில்லி குறைந்தால் பதற வேண்டாம். அதில் பாதித் தூரத்திலேயே கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கினால் எங்கேயோ எரிகிறது, இல்லையென்றால் ஒழுகுகிறது, அதுவும் இல்லையென்றால் முதலிலேயே குறைவாக ஊற்றியிருக்கிறார்கள். இந்த மூன்றில் எது என்று பார்ப்பதுதான் சர்வீஸ் சென்டரின் வேலை.

அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த முறையும் அதே பதில். செயினை ஓட்டும் பல்சக்கரத்தை மூடியிருக்கிற ஸ்ப்ராக்கெட் கவருக்குக் கீழே ஈரமாக இருக்கிறதே என்று காட்டினேன். “செயினுக்கு அடிக்கிற லூப்ரிகன்ட் சார் அது.” சரி என்று வந்துவிட்டேன்.

பிறகு வாரண்டி முடிந்தது. அடுத்த சர்வீஸில் அதே மனிதர், அதே வண்டி, அதே குறை, ஆனால் பேச்சு தலைகீழ். “ரிங் போயிடுச்சு சார், இப்படியே ஓட்டினா கிராங்க் வரைக்கும் செலவு இழுக்கும், போர் கிட் மாத்திடலாம்.” போர் கிட் என்றால் சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த செட். எஸ்டிமேட் 9,000 ரூபாய்க்கு மேல். புகை வருகிறதா என்று பார்த்தீர்களா, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தீர்களா என்று கேட்டால் இரண்டுக்கும் பதில் இல்லை. போதாக்குறைக்கு அன்றைய பில்லில் ‘என்ஜின் கேர்’ என்று நான் கேட்காத ஒரு ஆயில் சேர்ப்பு பாட்டில். பைக்கில் க்ளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும், அதனால்தான் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ, எம்ஏ2 என்று தனித் தரம் வைத்து பைக் ஆயில் விற்கிறார்கள். அதற்குள் வழவழப்பைக் கூட்டுகிற கண்ட மருந்தையும் ஊற்றினால் க்ளட்ச் வழுக்கும். அதற்கும் ஒரு எஸ்டிமேட் போடுவார்கள்.

வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் போனேன். சின்னக் கடை, ஒரு பையன் உதவிக்கு. அண்ணன் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். வெளிர் பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடந்தது. “ரிங் போயிருந்தா இது கரியும் எண்ணெயுமா பிசுபிசுன்னு இருக்கும் தம்பி, இது சுத்தமா இருக்கு பாரு” என்று கையில் கொடுத்தார். ஸ்டார்ட் செய்து முறுக்கிப் பார்த்தார், நீலப் புகை துளிகூட இல்லை. அப்புறம் ஸ்ப்ராக்கெட் கவரைத் திறந்தார். உள்ளே மண்ணும் ஆயிலும் குழைந்து ஒரு கை அளவுக்குக் கறுப்புச் சேறு. டீசல் விட்டு பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, பத்து நிமிஷம் ஓட்டிவரச் சொன்னார். வந்து பார்த்தால் சின்ன ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கிற ஷாஃப்ட்டைச் சுற்றிப் புதிதாக ஒரு ஈர வளையம், அதிலிருந்து மெதுவாக ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீலின் ரப்பர் உதடு இறுகிக் கெட்டியாகியிருக்கிறது. ஆயில் நேராகச் செயினில் விழுந்து, வண்டி ஓடும்போது சிதறிப் போயிருக்கிறது, பார்க்கிங்கில் கறை விழாததும் அதனால்தான். பின்டயரில் தெறித்து வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜிபி ரோட்டில் போய் ஒரிஜினல் சீல் வாங்கி வந்தேன். சீல், கூலி, புது ஆயில் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் தொடவில்லை. அதன்பின் அடுத்த ஆயில் சேஞ்ச் வரை லெவல் மேல்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

ரப்பர் சீல் வாரண்டியில் வருமா என்பது தனி வாதம், பல கம்பெனிகள் அதைத் தேய்மானப் பாகம் என்று ஒதுக்கிவிடும். என் ஆத்திரம் அதில் இல்லை. வாரண்டி இருந்தவரை கவரைக்கூடத் திறக்காதவர்கள், காசு என் பையிலிருந்து வரும் என்றதும் என்ஜினையே பிரிக்கக் கிளம்பினார்கள் பாருங்கள், அதில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, அதே அளவு நேரம் காத்திருந்து லெவல் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்க வேண்டும், திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். உங்கள் கையேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்யுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கோடு போட்டோ எடுத்து வையுங்கள். ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் பக்கம் சந்தேகம், புகையே இல்லாமல் குறைந்தால் முதலில் ஒழுகலைத் தேடுங்கள். ஆயில் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள், ஒரு லிட்டருக்குப் பில் போட்டு முக்கால் லிட்டர் ஊற்றுகிற இடங்களும் உண்டு.

அளந்து பார்ப்பது நடக்காத காரியம் என்று சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2007 மாடல் முதலான சில கேம்ரி கார்களில் வந்த 2.4 லிட்டர் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று தகராறு வந்தபோது, டொயோட்டா டீலர்கள் லெவலைச் சரியாக வைத்து வண்டியைக் கொடுத்து, 1,200 மைல் ஓட்டிவரச் சொல்லி மறுபடி அளந்தார்கள். ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். குவார்ட் என்றால் நம் கணக்கில் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பைக்குக்கும் இதே முறைதான், 500 கி.மீ. ஓட்டினாலே போதும்.

ஆகவே ஜாப் கார்டில் ‘ஆயில் குறைகிறது’ என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். நார்மல் என்றால் எத்தனை மில்லி வரை நார்மல், கையேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள். வாரண்டி காலத்தில் சொன்னதற்கு அதுதான் ஆதாரம். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான் இப்போது கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டு 1915 வரை வந்திருக்கிறேன், புகார் எண் கிடைத்திருக்கிறது. சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு முறை போன் வந்தது, “அந்த என்ஜின் கேர் காசை மட்டும் திருப்பித் தந்துடறோம் சார், கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ணிடுங்க” என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன்.