வள்ளலார் வீடு, பெரியார் வீடு: இரண்டிலும் வாழ்ந்தவள் சொல்கிறேன்

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. அவளும் என்னைப் போல சன்மார்க்க வீட்டில் பிறந்தவள், வந்திருப்பது கறுப்புச் சட்டைக் குடும்பம். "அங்க போனா நமக்கு ஒத்து வருமாக்கா?" என்று போனில் கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, சரி எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பிறந்தது பாலக்கோடு பக்கம், தாத்தா காலத்திலிருந்தே வள்ளலார் வழி. வாழ்க்கைப்பட்டது காவேரிப்பட்டணத்தை ஒட்டிய மாந்தோப்பு ஊரில், மாமா, அதாவது என் மாமனார், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரியார் பேச்சைக் கேட்கச் சைக்கிளில் போனவர். அங்கே இருபத்து மூன்று வருஷம், இங்கே பதினைந்து வருஷம்.

வெளியில் நின்று பார்த்தால் இரண்டு வீடும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் ஜாதகக் கட்டு கிடையாது, திதி கொடுப்பது கிடையாது, ஆடு வெட்டிக் காது குத்துவது கிடையாது. சாதி பொய் என்றுதான் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் அருட்பெருஞ்ஜோதி என்ற ஒரே கடவுளை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தள்ளினார், இன்னொருவர் அந்தக் கடவுளையும் சேர்த்துத் தள்ளினார், வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் தாலி ஏற்றேன். அடுப்படிக்குப் போன பிறகுதான் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் சாப்பாடு. பிறந்த வீட்டில் கொலை புலை தவிர்த்தல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, முட்டைகூட வாசல் தாண்டி வராது. காலையில் கரிசலாங்கண்ணி, மதியம் ராகிக்களியும் கீரைக் கடைசலும், வாரம் ஒரு நாள் தூதுவளை ரசம். களியைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசி கிட்டேகூட வர முடியாது. 2023லிருந்து தர்மபுரி ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தபோது ஆயாவுக்கு, அதாவது எங்கள் பாட்டிக்கு, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதே வீட்டில் அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போய் டாக்டரிடம் காட்டினால் பி12 குறைவு என்றார். பாலும் தொடாத ஆளுக்கு அந்தச் சத்து காய்கறியிலிருந்து வராது, மாத்திரைதான் வழி. கொள்கைக்காகச் சைவம் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் சோதித்துப் பாருங்கள்.

புகுந்த வீட்டில் ஞாயிறு என்றால் நாட்டுக்கோழி, புதன் கருவாடு. கல்யாணமான மூன்றாம் நாள் அத்தை ஒரு புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கி வந்து, "இது ஒனக்கு மட்டும், இதுல வேற எதுவும் படாது" என்று மேல் தட்டில் வைத்தார். யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை, சாப்பிடாததற்குக் கேலியும் செய்யவில்லை. இதுவே தலைகீழாக நடந்திருந்தால், அதாவது கறி சாப்பிடுகிற மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், ஆயா தனிச் சட்டி வாங்கி வைத்திருப்பாரா? மாட்டார். ஆயாவுக்கு அது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, ஓர் உயிர் சம்பந்தப்பட்டது. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து, பசித்து வருகிறவரை இரண்டு வீடும் எப்படிப் பார்க்கின்றன என்பது. 1867ல் வடலூரில் வள்ளலார் பற்றவைத்த தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. "அந்த அடுப்புலருந்து ஒரு கங்கு நம்ம வீட்டுலயும் இருக்குது" என்பார் ஆயா. திண்ணையில் கூழ்ப்பானை எப்போதும் இருக்கும். புளி உலுக்க வருகிறவர்கள், ஆடு ஓட்டிப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் பேர் ஊர் கேட்பதற்கு முன்னால் "சாப்டியா" என்றுதான் கேட்பார். ஆடு மேய்க்கிற ஒரு பாட்டி இரண்டு வருஷமாகத் தினமும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்த மாமா அவரைத் திண்ணையில் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதியோர் பணம் வருகிறதா, ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். எதுவும் வரவில்லை. மறு வாரமே வந்து தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனார், நாலு தடவை அலைந்தார், ஐந்தாவது மாதம் பணம் வந்தது.

இரண்டு வருஷம் சோறு போட்ட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதே நேரம், அந்த ஐந்து மாதமும் அவர் உயிரோடு இருந்தது ஆயாவின் கூழில்தான். பணம் வந்த பிறகும் மத்தியானம் திண்ணைக்கு வருவதை அவர் விடவில்லை. பேச ஆள் அங்கேதானே இருந்தது.

கல்யாணம், சொத்து. இதில் நான் தயக்கமில்லாமல் புகுந்த வீட்டுப் பக்கம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ல் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறி, அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. உறவினர் நண்பர் முன்னால் இருவரும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். எங்கள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலத்தில் நடந்தது, மண்டபம் கேட்ட தேதியில் சுலபமாகக் கிடைத்தது. அம்மா மட்டும் தாலி வேண்டும் என்று அழுதார், மாமா "பொண்ணு சொல்றதுதான்" என்று விட்டுவிட்டார், நான் அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டேன்.

சாதி பொய் என்ற வீட்டில்தான் எனக்கு எங்கள் ஆட்களுக்குள்ளேயே மாப்பிள்ளை தேடினார்கள், ஊரோடு ஒத்துப் போக வேண்டும் என்று. அப்படித் தேடிக் கிடைத்த வீடு பெரியார் வீடாக இருந்தது தற்செயல். மாமாவும் அந்தச் சம்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார், அதை அவரிடமே ஒரு நாள் கேட்டேன், பதில் சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் வேறு சாதிப் பையனை விரும்பியபோது அவர் நின்ற விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி தலித் மக்கள் வாழ்ந்த நத்தம் காலனியை எரித்த தர்மபுரி, எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். அது நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள், தோப்புக்கு ஆள் வரவில்லை, அந்த வருஷ மாங்காயை நாங்களே பறித்தோம். கல்யாணத்தைப் பகலில், ஊருக்குள்ளேயே நடத்தினார்.

அப்புறம் பத்திரம். சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் மாமா தோப்பில் சரிபாதியை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்த அன்று நானும் போயிருந்தேன். நாத்தனார் பெருவிரலில் மை காயாமல், துடைக்கவும் மனமில்லாமல், விரலை விலக்கிப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள். அதே வருஷம் அப்பா என்னைக் கூப்பிட்டு, என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார், அண்ணனுக்கு எல்லா நிலமும். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டதும் ஒரு டப்பா மைசூர்பாக்கும் பட்டுப் புடவையும் கொடுத்தார். எறும்பு மிதிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிற மனுஷர் அவர். அவரை நான் வெறுக்கவில்லை, ஆனால் அந்த மைசூர்பாக்கை என்னால் சாப்பிட முடியவில்லை.

வீட்டு வேலை என்று வந்தால் கணக்கு மாறுகிறது. புகுந்த வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் பெண்ணுரிமை பேசுவார்கள், உள்ளே அத்தையும் நானும் முப்பது பேருக்குச் சமைப்போம். அவர்கள் பேசுவது அத்தனையும் சரி, ஆனால் டீ டம்ளரை எடுத்துவைக்க ஒரு கை வராது. பிறந்த வீட்டில் அப்பா தன் தட்டைத் தானே கழுவுவார், தைப்பூச அன்னதானத்துக்கு அண்டாவில் சாம்பார் கிண்டுவது முழுக்க ஆண்கள். சோறு போடுவது புண்ணியம் என்று நம்பிய வீட்டில் ஆண்களும் கரண்டி பிடித்தார்கள். பெரியாரே இதைப் பார்த்தால் எங்கள் அப்பா பக்கம்தான் பேசியிருப்பார் என்று மாமாவிடம் சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் காய் நறுக்க வந்தார். இன்றைக்கும் வெங்காயம் அவர் பொறுப்பு.

வைத்தியத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆயா தூதுவளை என்றார், மாமா ரத்தப் பரிசோதனை என்றார். டெங்கு. சாதாரணச் சளிக்கு இன்றும் ஆயா பேச்சுதான், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

சாவில்தான் இரண்டு வீடும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. வள்ளலார் எரிக்க வேண்டாம், புதையுங்கள் என்றார், ஆயாவைத் தோட்டத்து ஓரத்தில் அப்படித்தான் அடக்கம் செய்தோம், சடங்கு எதுவும் இல்லை, பாட்டு மட்டும். மாமா உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று. அப்பா அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அறுப்பாங்களே சம்பந்தி" என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வலிக்காதுங்க" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் கலந்துதான் ஓடுகிறது. நான் சைவம், வீட்டுக்காரர் அசைவம். மகள் பள்ளிச் சத்துணவில் முட்டை சாப்பிடுகிறாள், என் சட்டியில் சமைத்ததையும் சாப்பிடுகிறாள். பெரியவளான பிறகு அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம்.

வரன் வந்திருக்கிற பெண்ணுக்கு: கறி மணத்துக்குப் பழகிவிடலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதே. அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நிலத்தில் பங்கு எழுதியிருக்கிறார்களா என்று உங்கள் அப்பாவை விட்டு விசாரிக்கச் சொல். பொண்ணு பார்க்க வரும்போது சாப்பிட்ட தட்டை மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று நீயே பார். அப்புறம், உங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, எனக்கு ஒரு போன் பண்ணு.