டெக்கைக் கழுவி எண்ணெய் அடிக்க ஆள் தேடுகிறீர்களா? "ஒரே நாளில்" என்றால் உஷார்

மெல்பனில் வீட்டுக்குப் பின்னால் மர டெக் (பலகை பாவிய திறந்த தளம்) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. கோடைக்கு முன்னால் "கழுவி, எண்ணெய் அடித்து, ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்" என்று விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். அந்த ஒரே நாளில்தான் வில்லங்கமே இருக்கிறது.

எங்களுடையது மெர்பாவ் என்கிற மரத்துப் பலகை, சுமார் 30 சதுர மீட்டர். வந்தவரும் நம்மவர்தான், அக்கா அக்கா என்று தேன் ஒழுகப் பேசினார். காலையில் பிரஷர் வாஷரைப் பலகையை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு அடி அடியென்று அடித்தார். பாசி போனதென்னவோ உண்மை, கூடவே மரத்தின் மேல்தோலும் போய் நார் நாராக எழும்பி நின்றது. இன்றைக்கும் வெறுங்காலோடு நடந்தால் சிலாம்பு ஏறுகிறது.

மெர்பாவில் ஒரு தொல்லை, தண்ணீர் பட்டால் சிவப்புச் சாயம் இறங்கும். ஆக்ஸாலிக் அமிலம் உள்ள டெக் கிளீனரைப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் அதில் நிறையவே போய்விடும், நரைத்த பலகைக்கும் நிறம் திரும்பும். கோட்டேஷனில் கிளீனருக்குத் தனியாகக் காசு போட்டிருந்தார், டப்பாவைத்தான் யாரும் பார்க்கவில்லை. கழுவிய தண்ணீர் ஓடிய சிமெண்ட் தரை முழுக்க இப்போது வெற்றிலை துப்பினாற்போல் கறை.

மத்தியானமே எண்ணெயைத் தொடங்கிவிட்டார். இடுக்கில் தண்ணீர் மினுக்குகிறது, "ஈரமா இருக்கே தம்பி" என்றால் "மேல காஞ்சிருச்சுக்கா, போதும்" என்கிறார். எப்படிப் போதும்? நல்ல வெயிலிலேயே ஓரிரண்டு நாள் காய வேண்டிய மரம் அது, ஈரம் உள்ளே இருக்கும்போது எண்ணெய் இறங்க இடம் ஏது, மேலேயே நின்று பிசுபிசுக்கும். அளவிலும் கை வைத்தார். வழுவழுப்பான மரத்துக்கே ஒரு லிட்டர் 10, 12 சதுர மீட்டர்தான் வரும், இரண்டு கோட்டுக்கு எங்களுக்கு 5, 6 லிட்டராவது வேண்டும். அவர் கொண்டுவந்தது ஏற்கெனவே பாதி காலியான 4 லிட்டர் டின், அதிலும் டர்ப்பன்டைனை ஊற்றிக் கலக்கினார்.

இதையெல்லாம் விடுங்கள், நான் பயந்தது துணி விஷயத்தில்தான். எண்ணெய் துடைத்த கந்தலையெல்லாம் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் அமுக்கி, கராஜ் ஓரத்தில் விட்டுப் போயிருந்தார். சாயங்காலம் எடுத்தால் கைக்கு வெதுவெதுவென்று இருக்கிறது! ஆளிவிதை எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய்கள் காயும்போது சூட்டைக் கிளப்பும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். உடனே தண்ணீரில் முக்கி, வெளியே தரையில் தனித்தனியாக விரித்துப் போட்டோம். யாரை வைத்து வேலை செய்தாலும், அவர் கிளம்பும் முன் கந்தல் எங்கே என்று கேளுங்கள்.

அடுத்த மழையிலேயே திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது, மீதி இடத்தில் செருப்பு ஒட்டுகிறது. போன் செய்தால் "மழை பெஞ்சா நான் என்னக்கா பண்றது" என்றார், அப்புறம் என் போன் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். தந்த ரசீதில் இருந்த ஏபிஎன் எண்ணை, அதாவது ஆஸ்திரேலியாவில் தொழில் செய்பவர்களுக்கான பதிவு எண்ணை, அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தோம், அப்படி ஒரு எண்ணே இல்லை (11 இலக்கம், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்). வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், ரொக்கமாகக் கொடுத்தாலும் அதேதான். படங்கள், மெசேஜ்கள் எல்லாவற்றையும் சேர்த்து விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுதியிருக்கிறோம்.

சரி செய்ய வந்த இன்னொருவர் பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். உறிஞ்சினால் எண்ணெய்க்குத் தயார், முத்து முத்தாக நின்றால் பழசு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். எங்களுடையதில் நின்றது. மொத்தத்தையும் ஸ்டிரிப்பர் (பழைய எண்ணெயைக் கரைத்து எடுக்கும் திரவம்) போட்டு எடுத்து, தேய்த்து, காயவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அந்த ஆளின் விளம்பரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பளபளவென்று ஒரு டெக் படம், மூலையில் எங்கள் துளசித் தொட்டி! எண்ணெய் அடித்த அன்று சாயங்காலம் எடுத்தது. அதே டெக் இப்போது இருக்கும் லட்சணம் வேண்டுமென்றால் கேளுங்கள், படம் அனுப்புகிறேன்.