பாத்ஃபைண்டர் 2: இலை லெஷியா, பூஞ்சை லெஷியா?

பாத்ஃபைண்டர் 2 என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டில் லெஷியாக (செடி அல்லது பூஞ்சை உடல் கொண்ட இயற்கை ஆவி) ஆடலாம் என்று முடிவெடுத்த பலரும், இலையா பூஞ்சையா என்ற மரபு வகையில் வந்து தடுமாறுகிறார்கள். உயிர்ப்புள்ளி 8, சிறிய உடல், மங்கலில் தெரியும் பார்வை என்று அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. உடல்வலுவும் ஞானமும் கூடும், அறிவு குறையும். அதனால் எதை எடுத்தாலும் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) வகுப்பு அருமையாகப் பொருந்தும்.

சாப்பாடு
இலை: வெயில் போதும், காசு செலவில்லை. ஆனால் ஒரு வாரம் வெயில் படாவிட்டால் பட்டினி தொடங்கும். அப்போது புட்டியில் அடைத்த சூரிய ஒளி வாங்க வேண்டும். விலை சாதாரண உணவைப்போல் 10 மடங்கு, அதாவது 40 வெள்ளி. முதல் நிலையில் கையிருப்பே 15 பொன்தான் (150 வெள்ளி), யோசித்துக்கொள்ளுங்கள்.
பூஞ்சை: மக்கிய பொருள் கிடைத்தால் போதும். நிலவறையில் அதற்கா பஞ்சம்!

இருட்டு
இலை: கும்மிருட்டில் தீப்பந்தம் வேண்டும். வெளிச்சம் எதிரிக்கும் காட்டிக்கொடுக்கும்.
பூஞ்சை: முழு இருட்டிலும் கண் தெரியும், கறுப்பு வெள்ளையில்.

விழுதல்
இலை: எவ்வளவு உயரமானாலும் அடியே படாது. அடி படாததால் குப்புற விழுவதும் இல்லை. நின்றபடி இறங்கி அதே சுற்றில் தாக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.
பூஞ்சை: 50 அடி விழுந்தால் 25 உயிர்ப்புள்ளி போகும். முதல் நிலையில் அநேகமாக மயக்கம்தான்.

பூஞ்சைக்குத் தாவரம் என்ற அடையாளம் கிடையாது. தாவரங்களை மட்டும் குறிவைக்கும் மந்திரம், நல்லதோ கெட்டதோ, அதன்மேல் பலிக்காது.

மலை, கோபுரம், கப்பல் பாய்மரம் என்று கதை நடந்தால் இலை. வாரக்கணக்கில் நிலத்தடியில் என்றால் தயங்காமல் பூஞ்சை. எந்த வகைக் கதை என்று ஆட்டம் நடத்துபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.