பிள்ளையோடு சிங்கப்பூர் போகிற அம்மாமார் காசு கட்ட முன்னம் வாசியுங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குச் சுற்றுலா போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. பாஸ்போட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், திரும்பி வரும் ரிக்கெற் இருக்க வேண்டும், தங்கும் செலவுக்குக் காசு இருக்க வேண்டும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கிய பிறகு குடிவரவு அதிகாரிகள் முடிவு செய்வார்கள். இதை மறைத்துத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு பயண முகவர் நிலையம் எனக்கும் என் மகளுக்கும் ஆளுக்கு 18,000 ரூபா 'விசாக் கட்டணம்' எடுத்தது. அதோடு நிற்கவும் இல்லை.

முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதுகிறேன். வேறு பெயர்ப் பலகைக்குக் கீழேயும் இதே வேலை நடக்கலாம்.

மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பெறுபேறு வரும் வரைக்கும் ஒரு இடைவெளி. என் கணவருக்குக் கடையை விட்டு வர ஏலாது, அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று முடிவானது. சிங்கப்பூரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கட்டுநாயக்கவில் இருந்து நேரடி விமானம், கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம். தமிழ் அங்கே அரச மொழிகளில் ஒன்று. ரயிலிலேயே ஊர் முழுக்கச் சுற்றலாம், இரவில் இரண்டு பெண்கள் நடந்து வந்தாலும் பயம் இல்லை. சீட்டுக் காசை எடுத்துத்தான் இதற்கு வைத்திருந்தேன். அந்தக் காசின் அருமை எனக்குத் தெரியும்.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் அந்த இடத்துக்குப் போனோம். முன்னால் இருந்த தம்பி நல்ல மரியாதையாகக் கதைத்தார். விமானம், ஹொட்டேல், சுற்றிப் பார்க்கும் இடங்கள் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. நான் எழும்பப் போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "அன்ரி, பொம்பிளைப் பிள்ளையோட ஆம்பிளை இல்லாமல் போறியள். அங்க இமிகிரேசனில மறிச்சுத் திருப்பி அனுப்பினால் காசும் போச்சு, பாஸ்போட்டிலயும் பதிஞ்சு விடுவினம்" என்றார். அதற்கு ஒரு விசேட கடிதம் எடுக்க வேண்டுமாம், அதற்கு வேறாகக் காசு. விசாக் கட்டணம், கடிதம், வருகை அட்டை என்று மூன்று தலைப்பில் பணம் எடுத்தார்கள்.

அப்படி ஒரு கடிதத்தைச் சிங்கப்பூர் கேட்பதே இல்லை. தாயும் மகளும் ஆண் துணை இல்லாமல் போவதற்கு அங்கே எந்தத் தடையும் கிடையாது. வருகை அட்டை என்பது இணையத்தில் நிரப்பும் ஒரு படிவம். சிங்கப்பூர் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. தேடும்போது மேலே வந்து காசு கேட்கும் தளங்கள் வேறு ஆட்களுடையவை, அவற்றைத் தொடாதீர்கள். எங்களைக் கொண்டு போய் விடுகிற ஒரு ஆண் இல்லை என்ற பயத்தை வைத்து அந்தத் தம்பி விலை போட்டதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தனியப் பிள்ளை வளர்க்கிற தாய்மார், கணவர் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள், எத்தனை பேரிடம் இந்த வசனத்தைச் சொல்லியிருப்பார்கள்?

விசாவுக்கு என்று சொல்லி இரண்டு பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாவே தேவையில்லாத நாட்டுக்கு எதற்குப் பாஸ்போட் என்று மகள் இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்ட அன்றுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் அதற்குள் முழுக்காசும் கட்டியாகி, பாஸ்போட்டும் அவர்களின் லாச்சிக்குள். வேறு இடத்துக்குப் போக முடியாமல் ஆட்களைக் கட்டி வைப்பதற்கு இதைவிட லேசான வழி இல்லை. விமான ரிக்கெற் போட பாஸ்போட்டின் முதல் பக்கப் பிரதி போதும். புத்தகத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ரிக்கெற் என்று அனுப்பிய தாளில் ஆறு எழுத்துப் பதிவுக் குறியீடு இருந்தது, ரிக்கெற் இலக்கம் இல்லை. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள். ஆறு எழுத்துக் குறியீடு என்பது ஆசனத்தைப் பிடித்து வைத்ததற்கான அடையாளம் மட்டும். காசு கட்டி ரிக்கெற் வெளிவந்தால் 13 இலக்கங்களில் ஒரு எண் வரும். முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் குறி, ஸ்ரீலங்கன் என்றால் 603 என்று தொடங்கும். அந்த எண் இல்லாத பதிவு காலக்கெடு முடிந்ததும் தானாக அழிந்து போகும். மகள் விமான நிறுவனத்தின் தளத்தில் குறியீட்டைப் போட்டுப் பார்த்ததில் ரிக்கெற் இன்னும் வெளிவரவில்லை என்று தெரிந்தது. நான் போய் அந்தக் காரியாலயத்துக் கதிரையில் பின்னேரம் வரைக்கும் இருந்தேன். வேறு வாடிக்கையாளர் வருகிற போதெல்லாம் எண்ணைத் தாருங்கள் என்று கேட்டேன். அன்றைக்கே எண் வந்தது, பாஸ்போட்டும் வந்தது. எங்களின் காசை இவ்வளவு நாளும் வேறு எங்கோ உருட்டியிருக்கிறார்கள்.

அதோடு எல்லாம் சரி என்று நினைத்துத்தான் இரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, விமானம் ஏறினோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடிவரவு நிமிடக் கணக்கில் முடிந்துவிட்டது. கடிதத்தை யாரும் கேட்கவில்லை. கைப்பையில் மடித்து வைத்திருந்த அதை எடுத்து மகள் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரு முத்திரை, ஒரு கிறுக்கல் கையொப்பம், யாருக்கு எழுதியது என்று கூட இல்லை.

உண்மையான இடி ஹொட்டேலில்தான் விழுந்தது. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஹொட்டேல் என்று உறுதிச்சீட்டுத் தந்திருந்தார்கள். நான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியதே சாப்பாட்டுக்கும், கோயிலுக்கும், ரயில் நிலையத்துக்கும் கிட்ட என்பதால். வரவேற்பில் இருந்த தமிழ்ப் பெண் எங்கள் பெயரைத் தேடிவிட்டு, கணினியைத் திருப்பியே காட்டினார். பதிவு இருந்தது. போட்டு இரண்டாம் நாளே ரத்தாகியும் இருந்தது. ஹொட்டேல் பதிவுத் தளங்களில் கட்டணம் இல்லாமல் ரத்துச் செய்யக்கூடிய அறைகள் இருக்கின்றன. அதில் பதிந்து, வருகிற உறுதிச்சீட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, பிறகு ரத்துச் செய்துவிடுவார்கள். கையில் இருக்கும் தாள் பார்வைக்கு அசல்தான், அதற்குப் பின்னால் அறை இல்லை.

வட்ஸ்அப்பில் அழைத்தேன், எடுக்கவில்லை. மகள் தன்னுடைய இலக்கத்தில் அழைத்ததும் எடுத்தார்கள். "சிஸ்டத்தில பிழை அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ" என்றார்கள். பெட்டிகளோடு வரவேற்பறையிலேயே இருந்தோம். மத்தியானம் தாண்டித்தான் வேறு ஒரு முகவரி வந்தது. கேலாங் பகுதியில் ஒரு லொரோங், அதாவது ஒழுங்கை.

கேலாங் என்பது நல்ல சாப்பாட்டுக் கடைகள் உள்ள, குடும்பங்களும் வாழ்கிற ஒரு பகுதி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் சில ஒழுங்கைகளில் பாலியல் தொழில் விடுதிகள் இருக்கின்றன. இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். நாங்கள் போன இடத்தில் வரவேற்பில் மணித்தியாலக் கணக்கில் விலை எழுதியிருந்தது. என் பதினாறு வயதுப் பிள்ளை அந்த விலைப்பட்டியலை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளின் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு தாயும் குமர்ப்பிள்ளையும் என்று நன்றாகத் தெரிந்தே அந்த முகவரியை அனுப்பியிருக்கிறார்கள். காசை எடுத்ததை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.

கனடாவில் இருக்கும் என் தம்பி அங்கே நடுச்சாமத்தில் எழும்பி, தன் வங்கி அட்டையில் லிட்டில் இந்தியாவிலேயே ஒரு அறை எடுத்துத் தந்தான். அன்றைய விலை, அதற்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் ஒன்பது வீத வரி. வீட்டில் இருந்து முன்கூட்டிப் பதிந்திருந்தால் வந்திருக்கும் செலவைவிட மிகவும் கூட.

சுற்றிப் பார்க்கும் பட்டியலில் 'கார்டன்ஸ் பை த பே நுழைவு', 'மெர்லயன்', 'ஜுவல் நீர்வீழ்ச்சி' என்று போட்டு அதற்கும் காசு எடுத்திருந்தார்கள். கார்டன்ஸ் பை த பேயின் வெளித்தோட்டம் எல்லோருக்கும் இலவசம். பெரிய இரும்பு மரங்களின் கீழ் இரவு 7.45 இற்கும் 8.45 இற்கும் நடக்கும் ஒளிக்காட்சியும் இலவசம். கட்டணம் உள்ளவை கண்ணாடிக் கூடாரங்கள் போன்ற சில இடங்கள்தான். அவை எங்கள் பட்டியலில் இல்லை! மெர்லயன் சிலை நீர்க்கரையில் நிற்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். ஜுவல் நீர்வீழ்ச்சி விமான நிலையத்தோடு ஒட்டிய கட்டடத்துக்குள் இருக்கிறது, அதைப் பார்க்கவும் காசு இல்லை. தமிழ் பேசும் வழிகாட்டி என்று சொல்லியிருந்தார்கள், யாரும் வரவில்லை. காப்புறுதித் தாளில் மகளின் பெயர் இல்லை.

வழிகாட்டி இல்லாததால் ஒன்றும் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயிலில் ஏற வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடும்படி புறப்பட முன்னமே வங்கியில் சொல்லி வையுங்கள். மகள் தொலைபேசியில் வரைபடத்தைப் பார்த்து என்னை எல்லா இடமும் கூட்டிப் போனாள். சிலோன் ரோட்டில் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் நடத்தும் செண்பக விநாயகர் கோயிலுக்கும் போனோம். அங்கே ஒரு வயதான அம்மா எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போக விடவில்லை. இவ்வளவு லேசாகத் தனியச் சுற்றக்கூடிய ஊருக்கு, தனியப் போகவே முடியாது என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து கேட்டபோது முதலாளி கதைத்த விதம் வேறு. ஹொட்டேல் கொழும்பு ஏஜென்டின் பொறுப்பு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார். ஆனால் நான் காசு கட்டியது அவரிடம், பற்றுச்சீட்டில் இருப்பது அவரின் முத்திரை. விசாக் கட்டணத்தை மட்டும் சத்தம் போடாமல் திருப்பித் தந்தார்கள். அதிலிருந்தே விளங்கியது, அது பொய் என்று அவர்களுக்கே தெரியும். மிச்சத்துக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், பொலிசிலும் பதிந்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அதனால் "வருகிற மாதம் பார்ப்பம் அன்ரி" என்ற இழுத்தடிப்பில் நாளை விட்டுவிடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் என்ன செய்வது என்று சொல்வார்கள். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். அதில் 'சிங்கப்பூர் பயணம்' என்று ஒரு வரி எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ரிக்கெற் எவ்வளவு, ஹொட்டேல் எது, இரவுக்கு எவ்வளவு, எந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. எனக்கு விசாரணையில் கை கொடுத்தது, மகள் அழிக்காமல் வைத்திருந்த குரல் பதிவுகளும், அந்த வரவேற்புப் பெண் தன் ஹொட்டேல் தாளில் அடித்துத் தந்த ரத்து விபரமும்தான்.

எல்லா முகவர்களும் இப்படி இல்லை. என் சிநேகிதி ஒருவர் வேறு இடத்தில் பதிந்து எந்தக் குறையும் இல்லாமல் போய் வந்தார். அவரின் ரிக்கெற் இலக்கம் காசு கட்டிய அன்றே கைக்கு வந்தது, பாஸ்போட்டை யாரும் வாங்கி வைக்கவில்லை.

எங்களை ஏமாற்றிய அந்த நிலையத்தின் வாசலில் இப்போது பாடசாலை விடுமுறைக்கான புதிய விளம்பரம் தொங்குகிறது. அங்கேயோ வேறெங்கேயோ ஏற்கனவே காசு கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பதிவுக்கு 13 இலக்க எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹொட்டேலின் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, காசு கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். புறப்படுவதற்கு முதல் நாளும் ஒருக்கால் கேளுங்கள், ஏனென்றால் இடையில் ரத்தாகலாம். பாஸ்போட் அவர்களிடம் இருந்தால் முதலில் போய் அதை வாங்குங்கள். தனியப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், யாழ்ப்பாணத்துக்குள் என்றால் நானே கூட வருகிறேன்.