வெள்ளையா, மண்ணிறமா, கறுப்பா? பீலிக்கு ஒரு நிறம் தேடிய கதை

எங்களுடையது ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எண்பதுகளில் கட்டிய செமி. நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே கூரை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒரு கயானாக் குடும்பம். கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலியும் ஒரே நேர்கோடாகத்தான் ஓடுகிறது. சரியாக நடுவில் மட்டும் நிறம் மாறும். அவர்கள் சில வருடங்களுக்கு முன்பே வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். எங்கள் பாதியில் வீடு கட்டியபோது போட்ட அதே மண்ணிறம். றோட்டில் நின்று பார்த்தால் ஒருவன் மீசையில் பாதியை மழித்துவிட்டு நிற்பது மாதிரி இருக்கும்.

இந்த வசந்தத்தில் எங்கள் பாதியின் மூலை ஒழுகத் தொடங்கியது. பழையதைக் கழற்றிப் புதிது பூட்டுவதென்று முடிவானதும், வேலைக்கு வந்த தம்பி கேட்ட முதல் கேள்வியே "என்ன கலர், அண்ணை?" என்பதுதான். ஊரில் எங்கள் ஓட்டு வீட்டில் இரண்டு கூரை சந்திக்கும் இடத்தில் தகரப் பீலி இருந்தது. அது என்ன நிறமென்று யாரும் கேட்டதில்லை. கிடாரம் நிரம்புகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

இங்கே நிறம் ஏன் அவ்வளவு பெரிய விஷயமென்றால், பீலி வருவதே நிறத்தோடுதான். அலுமினியத் தகடு ஆலையிலேயே பெயின்ற் சுட்டுப் பிடித்த சுருளாக வருகிறது. வேலைக்காரரின் ட்ரக்குக்குள் இருக்கும் இயந்திரத்தில் சுருளை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் முழு நீளப் பீலியாக, இடையில் பொருத்தே இல்லாமல் வெளியே வரும். பிறகு நிறம் பிடிக்கவில்லையென்றால் ஏணி போட்டுத் தூரிகை பிடிக்க வேண்டியதுதான். அந்தப் பூச்சு ஆலைப் பூச்சுப் போல நிற்காது. "வெள்ளையும் பிறவுணும் எப்பவும் வண்டியில கிடக்கும். மற்றதெண்டா ஓடர் பண்ணோணும், கொஞ்சம் காசும் கூட வரும்" என்றார் தம்பி. அந்தக் கணக்கு எதிர்காலத்துக்கும் பொருந்தும். பத்து வருடம் கழித்து ஒரு துண்டு மட்டும் மாற்ற வேண்டி வந்தால், அபூர்வமான நிறத்துக்கு நாயாய் அலைய வேண்டி வரும்.

வெள்ளையை முதலில் எடுப்போம், தெருவில் பாதிப்பேரின் தேர்வு அதுதான். கூரையின் அடித்தட்டான சொஃபிற்றும், பீலி பூட்டும் பலகையும் (ஊரில் வலன்ஸ் பலகை என்போமே, இங்கே ஃபேஸியா) வெள்ளையாக இருந்தால் வெள்ளைப் பீலி அவற்றோடு ஒன்றிப்போகும். யன்னல் சட்டமும் வெள்ளையென்றால் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் கடும் சாம்பல் கூரைக்கும் செங்கட்டிச் சுவருக்கும் நடுவில் வெள்ளை தனியாக ஓடினால், வீட்டில் கண்ணுக்கு முதலில் படுவதே பீலியாகிவிடும். தாழ்ந்த பங்களாக்களில் இது இன்னும் மோசம். வீட்டை யாரோ நாடாவால் கட்டிவைத்த மாதிரி இருக்கும்.

வெள்ளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பீலியை ஏணியில் ஏறி ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. முகப்பில் மேலிருந்து கீழாகச் சாம்பலும் கறுப்புமாக வரிகள், விபூதிக் கையை இழுத்துத் துடைத்த மாதிரி, அடுத்தடுத்து. இந்த நாட்டு வேலைக்காரர்கள் இதைப் புலி வரி என்கிறார்கள். கூரை ஷிங்கிளின் தார் எண்ணெயும் தூசியும் பீலியின் உதட்டால் வழிந்து பெயின்றில் ஒட்டிக்கொள்வதால் வருவது. மழை கழுவிவிடும் என்று நினைக்க வேண்டாம். மழைதான் அதைக் கொண்டுவந்து பூசுகிறது. சாதாரண சவர்க்காரத்துக்கும் அது லேசில் மசியாது. இதற்கென்றே விற்கும் திரவத்தை அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கோபத்தில் கம்பிப் பஞ்சு எடுத்தால் வரியோடு பெயின்றும் போய்விடும். இந்த வரி எல்லா நிறப் பீலியிலும்தான் விழுகிறது, வெள்ளையில் மட்டும் றோட்டிலிருந்தே தெரியும்.

மண்ணிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுபது, எண்பதுகளின் நிறம். இன்று கேட்டால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அழுக்கை, இலைக்கறையை, புலி வரியை இதைப் போல மறைக்கும் நிறம் வேறில்லை. மேப்பிள் மரத்தடியில் வீடு இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அந்தக் காலத்துச் செம்மஞ்சள் செங்கட்டியை உற்றுப் பாருங்கள், கட்டிக்குள்ளேயே கருகிய மண்ணிறப் புள்ளிகள் இருக்கும். பீலி அந்தப் புள்ளியிலிருந்து எடுத்த நிறம் போல நிற்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், வீட்டின் மற்றப் பொருட்கள் ஒவ்வொன்றாக மாறும்போது. முதலில் யன்னல் வெள்ளை வைனைலுக்கு மாறும், பிறகு காராஜ் கதவு, பிறகு கூரை நீலச் சாம்பலாகும். கடைசியில் மண்ணிறப் பீலி மட்டும் பழைய கூட்டாளிகளை இழந்து தனித்து நிற்கும். எங்கள் தெருவில் பலர் வெள்ளைக்குப் போன கதை இதுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது யன்னலை. மாற்றச் செலவு கூடின பொருள் அது. அதன் நிறத்துக்குப் பீலி இசைய வேண்டும். அடுத்தது கூரை. செங்கட்டியையோ கல்லையோ மாற்றப் போவதே இல்லை என்பதால், அதோடு சண்டை பிடிக்கும் எந்த நிறமும் ஆரம்பத்திலேயே வெளியே.

இனிக் கறுப்பு. இப்போது எங்கும் கறுப்புத்தான். பக்கத்து நகரமான மார்க்கத்தின் புதிய குடியிருப்புகளில் சாம்பல் கல், கறுப்பு யன்னல், கறுப்புக் கதவு என்று வீடுகள் கோட் சூட் போட்டு நிற்கின்றன. அவற்றுக்குக் கறுப்புப் பீலி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. என் மகனுக்கும் அதுவே ஆசை. அம்மாவிடம் சொன்னோம். "வீட்டுக்குக் கறுப்புக் கரையோ? செத்தவீட்டுக்குக் கொடி கட்டினமாதிரி இருக்கும், தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அம்மாவின் காரணத்தை ஒதுக்கிவைத்தாலும் கறுப்பில் யோசிக்க இடமுண்டு. கறுப்பு எதையும் மறைக்கும் என்பது பாதி உண்மை. கறுப்புக் கார் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வசந்தத்தில் மகரந்தம் மஞ்சளாகப் படியும், காய்ந்த நீர்த்துளி வெள்ளை வட்டமாக நிற்கும், ஏணி உரசினால் கீழேயுள்ள அலுமினியம் வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும். தெற்கும் மேற்கும் பார்த்த பக்கங்களில் வெயில் அடித்து நாளடைவில் மங்கும். பழைய பீலியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தால் சோக்குப் பிடித்த மாதிரித் தூள் ஒட்டும். வெயிலில் பெயின்ற் உதிர்கிற அடையாளம் அது. வெள்ளையில் அந்தத் தூள் யாருக்கும் தெரியாது. கறுப்பு சாம்பலாவது எல்லோருக்கும் தெரியும்.

வெப்பமும் உண்டு. அலுமினியம் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். 12 மீற்றர் நீளப் பீலி 60 பாகை வித்தியாசத்துக்குச் சுமார் 17 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். மாரியில் மைனஸ் இருபதைத் தொட்டு, கோடையில் வெயில் நேரே விழும் ஊரில் அந்த வித்தியாசம் சர்வசாதாரணம். கறுப்பு வெயிலை இன்னும் குடிப்பதால் கணக்கு இன்னும் கூடும். அந்த இழுபறி எல்லாம் மூலைகளில் பூசிய சீலன்ற்றின் தலையில்தான் விழும். கறுப்புப் போடக்கூடாது என்பதற்கு இது காரணமாகாது. நீளமான வீட்டில் மூலை வேலையைக் கவனமாகச் செய்பவரைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்பு சூடேறி ஐஸை உருக்கிவிடும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். அதை நம்ப வேண்டாம். கூரை விளிம்பில் ஐஸ் கட்டுவது, கூரைக்கு அடியிலுள்ள அற்றிக்கில் கசியும் வீட்டுச் சூட்டினால். மேலே ஸ்னோ உருகி, குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைகிறது. மருந்து அற்றிக் இன்சுலேஷனிலும் காற்றோட்டத்திலும் இருக்கிறது, பீலியின் நிறத்தில் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கறுப்பு சரிவராததற்கு உண்மையான காரணம் வேறு. முகப்பில் வேறெந்தக் கறுப்பும் இல்லை. கதவோ காராஜோ வாசல் விளக்கோ, ஒன்றாவது கறுப்பாக இருந்தால் கண் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். தனிக் கறுப்பு, கடன் வாங்கிய சால்வை மாதிரி.

நாலாவது வழி, சுவரின் நிறத்தையே பீலிக்கும் எடுப்பது. மணல், களிமண், கூழாங்கல் என்று விதவிதமான பெயர்களில் நிறங்கள் வருகின்றன. இதில்தான் நான் ஏறக்குறைய மாட்டிக்கொண்டேன். ஒரு இரவு சமையலறை மேசையில் அந்தச் சின்ன நிறச்சீட்டுகளைப் பரப்பி, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் ஒரு மணல் நிறத்தைத் தெரிவுசெய்து ஓம் என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலை அதே சீட்டை வெளியே செங்கட்டியில் வைத்துப் பார்த்தால் ரோஸ்! காலில் கீறினால் போடும் பிளாஸ்டர் இருக்கிறதே, அந்த நிறம். நல்ல வேளை, ஓடர் போகவில்லை.

அதற்குப் பிறகு சீட்டை நம்புவதை விட்டேன். வேலைக்காரரிடம் கேட்டால் பழைய வேலையில் மிஞ்சிய ஓரடித் துண்டு தருவார்கள். அதைக் கூரை விளிம்பில் பிடித்துவைக்க ஆளை ஏற்றிவிட்டு, எதிர் நடைபாதையில் போய் நின்று பாருங்கள். நண்பகலில் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம். வடக்குப் பார்த்த வீடென்றால் வானத்தின் நீலம் ஏறிச் சாம்பல் நிறங்கள் இன்னும் குளிர்ந்து தெரியும்.

செம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ரொறொன்ரோ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பளபளப்பு மங்கி மண்ணிறமாகி, காலப்போக்கில் பச்சை படரும். அழகுதான். விலையைக் கேட்டதும் அழகு குறைந்துவிடும். செம்பு மேலிருந்து வடியும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் இரண்டையும் கலக்கவும் முடியாது.

இவ்வளவும் பீலிக்கு. பீலித் தண்ணீரைக் கீழே இறக்கும் டவுன் பைப் வேறு கதை, பலர் சறுக்குவதும் அங்கேதான். பீலி பலகையை ஒட்டிக் கிடையாக ஓடுகிறது, அதனால் பலகையின் நிறத்தோடு போகலாம். டவுன் பைப்போ சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. செங்கட்டிச் சுவரில் வெள்ளைக் குழாய், வேட்டியில் விழுந்த மைக்கோடு மாதிரி. சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று எடுக்கிறோமே, அதே கணக்கு: பீலிக்குப் பலகை நிறம், குழாய்க்குச் சுவர் நிறம். இரண்டும் ஒரே நிறமாக வர வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டமென்றதும் நினைவு வருகிறது. ரொறொன்ரோவில் கூரைத் தண்ணீரை நேராகக் கழிவுநீர்க் குழாய்க்குள் விட முடியாது. 2007இல் நகரசபை எடுத்த முடிவு, கட்டம் கட்டமாக 2016இல் நகரம் முழுவதற்கும் வந்தது. அதனால் குழாய் மண்ணுக்குள் மறையாமல், அடியில் முழங்கை மடக்கிப் புல்லின் மேல் நீண்டு கிடக்கிறது. வாசலுக்கு வருபவர் கண்ணுக்கு நேரே படுவது அந்தத் துண்டுதான். புல்வெட்டியின் அடியும் ஸ்னோ சவளின் இடியும் அதற்குத்தான். அந்த இடத்திலாவது கறுப்பும் வெள்ளையும் வேண்டாம். பொது நிர்வாகத்தின் கீழுள்ள வரிசை வீடுகளில், அதாவது ரவுன்ஹவுஸ் கொண்டோவில் இருப்பவர்கள் இதில் எதைச் செய்வதற்கும் முன் நிர்வாகத்தைக் கேளுங்கள், வெளிப்பக்கம் பெரும்பாலும் பொதுச் சொத்து.

கடைசியில் நாங்கள் மண்ணிறத்திலேயே நின்றோம். முன் யன்னல்கள் இன்னும் மண்ணிறம், பலகையும் அதே. குழாய்க்கு மட்டும் செங்கட்டிக்குள் கலக்கும் களிமண் நிறம் ஓடர் பண்ணி, ஒரு கிழமை காத்திருந்தோம். பக்கத்து வீட்டு வெள்ளையும் எங்கள் மண்ணிறமும் முட்டும் அந்த நடுக்கோடு? அதற்குத் தம்பிதான் வழி சொன்னார். பழைய குழாய் வலது மூலையில் இருந்தது. அதை நடுவுக்கு நகர்த்திப் பீலியின் சரிவையும் அந்தப் பக்கம் திருப்பினார். இப்போது நிறம் மாறும் இடத்தில் ஒரு குழாய் இறங்குகிறது. கண் அதை இரு வீட்டின் எல்லையாக எடுத்துக்கொள்கிறது, அரை மீசை மறைந்துவிட்டது.

பின்னேரம் கோயிலால் வந்த அம்மா காரை விட்டிறங்கி, கூரையை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

"இண்டைக்கு வாறமெண்டு சொன்னவங்கள் எல்லோ? இன்னும் பீலி பூட்டேல்லையோ, தம்பி?"